அமெரிக்காவில் லாரி ஓட்டிய கோயம்புத்தூர் பையன்

பந்தயக்காரனின் சரித்திரத்தைக் குலம், கோத்திரம், ஜாதகம் என்று தொடங்குவது முறையல்ல. சாராயத்திலிருந்துதான் தொடங்க வேண்டும். அமெரிக்கர்கள் அப்படித்தான் தொடங்கினார்கள். நாமும் தொடங்கியிருக்கலாம். வண்டி இல்லாமல் போய்விட்டது.

1937 அக்டோபர் 1ஆம் தேதி சேலம் ஜில்லாவில் மதுவிலக்கு வந்தது. கொண்டுவந்தவர் ராஜாஜி, ஓசூருக்குப் பக்கத்துத் தொரப்பள்ளியில் பிறந்தவர். சென்னை மாகாணத்துக்குப் பிரதமர் ஆன கையோடு, ஊர்ப்பாசம் பொங்கி, மாகாணத்திலேயே முதலாவதாகச் சொந்த ஜில்லாக்காரன் கையிலிருந்த மொந்தையைப் பிடுங்கினார். கள்ளுக்கடை வருமானம் போன ஓட்டையை அடைக்க 1939இல் விற்பனை வரியைக் கொண்டுவந்தார். குடித்தவன் மட்டும் கட்டிக்கொண்டிருந்ததைக் குடிக்காதவனும் கட்டட்டும் என்கிற சமத்துவம். இன்றைக்கு நாம் வாங்கும் டயருக்குப் போடும் வரிக்குத் தாத்தா அதுதான்.

அந்தக் காலத்தில் ஓசூர், தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டி எல்லாமே சேலம் ஜில்லா. தர்மபுரி பிரிந்தது 1965இல், கிருஷ்ணகிரி பிரிந்தது 2004இல். அஞ்செட்டியை வரைபடத்தில் வைத்துப் பாருங்கள். சுற்றிலும் காடு. கொஞ்சம் தள்ளிக் காவிரி. இன்னொரு பக்கம் காட்டைத் தாண்டினால் மைசூர் சமஸ்தானம். இந்தப் பக்கம் கடைக்குப் பூட்டு, அந்தப் பக்கம் கடை திறப்பு. நடுவில் மலை, வளைவு, யானை. கள்ளக்கடத்தலுக்கென்றே கடவுள் உட்கார்ந்து வரைந்த பூமி.

இதே வரைபடத்தைக் கடவுள் அமெரிக்காவிலும் ஒரு பிரதி எடுத்து வைத்திருந்தார். வட கரோலினா, ஜார்ஜியா, வர்ஜீனியா மலைகள். அங்கே நாடு முழுக்க மதுவிலக்கு இருந்தது 1920 முதல் 1933 வரை. சட்டம் போன பிறகும் காய்ச்சியவன் நிறுத்தவில்லை. வரி கட்டாத சரக்கு என்றால் எந்த நாட்டிலும் தனி ருசி. மலைக்குள் காய்ச்சியதை ராத்திரியோடு ராத்திரியாக நகரத்துக்குக் கொண்டுபோக வேண்டும், பின்னால் வரிக்காரன் துரத்துவான். அந்த நேரம் பார்த்து ஃபோர்டு கம்பெனி 1932இல் எட்டு சிலிண்டர் எஞ்சினை மலிவு காரில் போட்டு விற்றது. பையன்கள் பின்சீட்டைக் கழற்றி வீசினார்கள், ஸ்பிரிங்கைக் கனமாக்கினார்கள், எஞ்சினைக் குடைந்தார்கள். வெளியே பார்த்தால் பாதிரியார் ஓட்டுகிற கார். உள்ளே நூறு காலன் சரக்கு.

சனிக்கிழமை ராத்திரி போலீசிடம் தப்பியவர்களுக்கு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஒரு சந்தேகம் வந்தது: நம்மில் யார் வேகம்? கடையில் வாங்கிய அதே கார்களோடு மண் மைதானத்தில் இறங்கினார்கள். இதுதான் ஸ்டாக் கார் பந்தயத்தின் ஸ்தல புராணம். 1947 டிசம்பரில் பில் பிரான்ஸ் என்ற மெக்கானிக், டேட்டோனா கடற்கரையில் ஸ்ட்ரீம்லைன் ஹோட்டலில் இவர்களையெல்லாம் கூட்டி ஒரு சங்கம் வைத்தார். அதன் பெயர் நாஸ்கார். கூட்டம் நடந்த இடம் ஹோட்டல் மாடியில் இருந்த பார். வேறெங்கே நடக்கும்?

1949 ஜூன் 19, சார்லட். புதுச் சங்கத்தின் முதல் சுத்தமான ஸ்டாக் கார் பந்தயம். கார் ஷோரூமிலிருந்து வந்தபடியே இருக்க வேண்டும், கை வைக்கக் கூடாது என்று கண்டிப்பு. முதலில் வந்தவர் கிளென் டன்னவே. வண்டிக்கு அடியில் குனிந்து பார்த்தார்கள். சரக்கு ஏற்றுவதற்காகப் பலப்படுத்திய ஸ்பிரிங் அப்படியே இருந்தது. பரிசு பறிபோயிற்று. இரண்டாவதாக வந்த ஜிம் ரோப்பர் வெற்றி பெற்றதாக அறிவித்தார்கள். கடத்தல்காரர்கள் பெற்றெடுத்த விளையாட்டு, முதல் நாளே ஒரு கடத்தல் வண்டியை ஒழுக்கக்கேடு என்று வெளியே அனுப்பியது. பதவிக்கு வந்ததும் பழைய தோழர்களைத் தெரியாது என்பது அரசியலில் மட்டும்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தோம்.

இதே பரம்பரையில் ஜூனியர் ஜான்சன் என்று ஒருவர். 1956இல் அப்பாவின் காய்ச்சும் அடுப்பருகே பிடிபட்டார், ஜெயிலுக்குப் போனார், வந்தார், 1960இல் டேட்டோனா 500 ஜெயித்தார். மொத்தம் 50 வெற்றிகள். 1986இல் அதிபர் ரேகன் மன்னிப்பே வழங்கினார். நம் ஊரில் இப்படிப்பட்டவரை எம்.எல்.ஏ. ஆக்கியிருப்போம்.

சரி, மதுவிலக்கு இருந்தது, எல்லை இருந்தது, மலை இருந்தது, துணிச்சலும் இருந்தது. அப்படியானால் அஞ்செட்டியில் ஏன் ஒரு நாஸ்கார் பிறக்கவில்லை? டீக்கடையில் இதைக் கேட்டபோது ஒரு பெரியவர் கிளாஸைக் கீழே வைக்காமலே தீர்ப்புச் சொன்னார்: "சாமி, அவன்கிட்ட எட்டு சிலிண்டரு இருந்துச்சு. நம்மகிட்ட ரெண்டு மாடு இருந்துச்சு. மாட்டுக்கு ஸ்பிரிங்கு மாத்த முடியுமா?"

விஷயம் அவ்வளவுதான். துணிச்சல் இலவசம், வண்டிதான் காசு. இந்த ஒரு வரியை மனதில் வைத்துக்கொண்டால், தமிழ்நாட்டிலிருந்து போய் நாஸ்காரில் ஓட்டிய முதல் ஆள் ஏன் அஞ்செட்டியிலிருந்து போகாமல் கோயம்புத்தூரிலிருந்து போனார் என்பது புரிந்துவிடும்.

கோயம்புத்தூரில் பஞ்சாலை இருந்தது. பஞ்சாலை இருந்ததால் பட்டறை இருந்தது. பட்டறை இருந்ததால், கழற்றிய காரைத் திரும்ப மாட்டத் தெரிந்தவர்கள் இருந்தார்கள். மிச்ச ஊர்ப் பணக்காரர்கள் காசு சேர்ந்தால் நிலம் வாங்குவார்கள், கோயில் கோபுரத்துக்கு வண்ணம் அடிப்பார்கள். கோவைக்காரர்களில் சிலர் கார் வாங்கி, அதை அக்கக்காகப் பிரித்துப் போட்டு, இன்னும் வேகமாகப் போகுமா என்று பார்த்தார்கள்.

அப்படிப்பட்டவர்களில் தலையாயவர் எஸ். கரிவரதன். பஞ்சாலைக் குடும்பத்துப் பிள்ளை. அந்தக் காலத்தில் பந்தயம் என்றால் சென்னைக்கு வடக்கே சோழவரம். இரண்டாம் உலகப் போருக்காகப் போட்ட விமான ஓடுதளம், போர் முடிந்ததும் சும்மா கிடந்தது. சென்னைக்காரர்கள் அதில் டிரம்மையும் வைக்கோல் கட்டையும் அடுக்கிப் பந்தயம் நடத்தினார்கள். பெங்களூரிலிருந்து விஜய் மல்லையா ஒரு பழைய என்சைன் ஃபார்முலா 1 காரையே கொண்டுவந்து இறக்கி ஓட்டினார். கவனியுங்கள், இங்கேயும் சாராயம் வந்துவிட்டது. ஒரே ஒரு வித்தியாசம். அமெரிக்காவில் சரக்கு டிக்கியில் ஒளிந்திருந்தது, இந்தியாவில் அது முதலாளியாக உட்கார்ந்து ஸ்டியரிங் பிடித்தது.

கரிவரதனுக்கு ஒரு கவலை. வெளிநாட்டு ரேஸ் காரை இறக்குமதி செய்ய எல்லார் வீட்டிலும் மதுபான ஆலை இருக்காது. 1983 கடைசியில் மாருதி 800 வந்திருந்தது, மூன்று சிலிண்டர், 796 சிசி. டாக்டர் வீட்டிலும் வாத்தியார் வீட்டிலும் நிற்கிற சாதுவான வண்டி. அதன் எஞ்சினை எடுத்து, ஒற்றை ஆள் உட்காரும் இரும்புக் கூட்டில் மாட்டி, ஃபார்முலா மாருதி என்று 1980களின் இறுதியில் ஒரு பந்தயக் காரையே செய்துவிட்டார். ஷோரூம் சாமானில் பந்தயக்கார் செய்வது என்றால் அது ஸ்டாக் கார் சித்தாந்தம்தானே? போலீஸ் துரத்தாமல், சாராயம் காய்ச்சாமல், கோவைக்காரர் அந்த இடத்துக்கு வந்து சேர்ந்தார். அந்த நேரம் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இருங்காட்டுக்கோட்டையில் ஒழுங்கான பந்தயத் தடமும் வந்தது. இந்தியப் பந்தயத்தின் ஒரு தலைமுறையே இந்த மூன்று சிலிண்டருக்குப் பின்னால்தான் ஓட்டப் பழகியது.

இப்போது நம் பையன். நரேன் கார்த்திகேயன், பிறந்தது பொங்கலன்று, 1977 ஜனவரி 14. அப்பா ஜி.ஆர். கார்த்திகேயன் தேசிய ராலி சாம்பியன், தென்னிந்திய ராலியை ஏழு தடவை ஜெயித்தவர். சாதாரண வீட்டில் பையன் வேகமாக ஓட்டினால் அப்பா சாவியைப் பிடுங்கி வைப்பார். இந்த வீட்டில் மெதுவாக ஓட்டினால்தான் பிடுங்குவார்கள் போல. கரிவரதனும் அந்த வட்டாரத்து உறவு. ஆக, அப்பா ராலிக்காரர், உறவுக்காரர் காரே செய்கிறார், வீட்டில் பெட்ரோல் வாசனை. இந்தச் சூழ்நிலையில் வளர்ந்த பையன் சார்ட்டர்ட் அக்கவுண்டண்ட் ஆகியிருந்தால்தான் செய்தி.

முதல் பந்தயம் ஸ்ரீபெரும்புதூரில், ஃபார்முலா மாருதியில். முதல் தடவையே பரிசு மேடையேறினான். 1992இல் பிரான்சுக்கு அனுப்பினார்கள், வின்ஃபீல்டு ரேசிங் ஸ்கூலுக்கு. அங்கே பைலட் எல்ஃப் போட்டியில் அரையிறுதி வரை போனான். வயது 15. இதைக் கொஞ்சம் சட்டப் புத்தகத்தோடு ஒத்துப் பாருங்கள். நம் மோட்டார் வாகனச் சட்டப்படி, 50 சிசிக்குள் உள்ள கியர் இல்லாத வண்டி ஓட்டவே 16 வயது ஆக வேண்டும். அதாவது ஓசூரில் தயாரான டிவிஎஸ் 50ஐ எடுத்துக்கொண்டு தேன்கனிக்கோட்டைச் சந்தைக்குப் போய்க் கத்தரிக்காய் வாங்கிவர அந்தப் பையனுக்கு உரிமை கிடையாது. பிரான்சில் ரேஸ் கார் ஓட்டலாம், கிருஷ்ணகிரியில் மொபெட் ஓட்டினால் அபராதம். சட்டம் சரிதான். அஞ்செட்டி மலைப்பாதையில் 15 வயதில் டிவிஎஸ் 50இல் மூன்று பேரை ஏற்றிப் போகிறவர்களைப் பார்த்தால், பிரான்சே பாதுகாப்பு என்று தோன்றும்.

அடுத்து இங்கிலாந்து. பந்தயம் கற்றுக்கொள்ள உலகமே போகிற ஊர், மழையும் குளிரும் சேர்த்துச் சொல்லிக்கொடுப்பார்கள். கோவைக் குளிரைக் குளிர் என்று நம்பி வளர்ந்தவனைக் கொண்டுபோய் 1994இல் பிரிட்டிஷ் ஃபார்முலா ஃபோர்டு குளிர்காலத் தொடரில் விட்டார்கள். பெயரிலேயே குளிர்காலம் இருக்கிறது, ஏமாற்றவில்லை. அந்தத் தொடரை ஜெயித்து, ஐரோப்பாவில் பந்தய சாம்பியன் பட்டம் வாங்கிய முதல் இந்தியன் ஆனான். வயது 17. வெள்ளைக்காரன் ஊரில், வெள்ளைக்காரன் விளையாட்டில், வெள்ளைக்காரன் மழையில் ஒரு தமிழன் ஜெயித்திருக்கிறான். ஊரில் அன்றைக்கு எத்தனை பேருக்குத் தெரிந்தது? டெண்டுல்கர் எத்தனை ரன் என்று கேட்டுக்கொண்டிருந்தோம்.

1995இல் கரிவரதன் விமான விபத்தில் இறந்தார். பிற்பாடு கோவை செட்டிபாளையத்தில் உருவான பந்தயத் தடத்துக்கு அவர் பெயரைத்தான் வைத்தார்கள். அதே 1995இல் நரேன் ஃபார்முலா ஏசியாவில் நான்கே நான்கு பந்தயம் ஓட்டிப் பார்த்தான், மலேசியாவின் ஷா ஆலத்தில் இரண்டாவது வந்தான். 1996இல் முழுத் தொடரும் ஓட்டிச் சாம்பியன். ஏசியா என்று பெயர் வைத்த பந்தயத்தை அதுவரை ஆசியக்காரன் எவனும் ஜெயித்ததில்லை என்பது தனி நகைச்சுவை. இதற்குமேல் "அவன், இவன்" என்றால் மரியாதையாக இருக்காது. இனி அவர்.

பிறகு பிரிட்டிஷ் ஃபார்முலா 3. 1998இல் கார்லின் அணி, 1999இல் பிராண்ட்ஸ் ஹாட்ச்சில் இரண்டு வெற்றிகள், 2000இல் ஸ்டூவர்ட் அணியில் ஒட்டுமொத்தத்தில் நான்காவது இடம். இவையெல்லாம் வரிசையாகச் சொன்னால் ரயில்வே கைடு படிப்பதுபோல் இருக்கும், விடுங்கள். கதைக்கு முக்கியம் வேறு: ஒவ்வொரு படி ஏறும்போதும் கட்டணச் சீட்டு விலை ஏறியது. ஃபார்முலா மாருதிக்கு வீட்டுக் காசு போதும். இங்கிலாந்துக்குக் குடும்பக் காசு போதாது. ஃபார்முலா 1க்கு டாட்டாவே வர வேண்டும், வந்தது.

கிரிக்கெட்டில் திறமை இருந்தால் தேர்வாளர் கூப்பிடுவார், கூப்பிடாவிட்டால் ஊரே அவரைத் திட்டும். ரேஸில் திறமை இருந்தால் அணி முதலாளி கூப்பிட்டு, தோளில் கைபோட்டு, "பிரமாதமாக ஓட்டுகிறாய் தம்பி, எத்தனை மில்லியன் கொண்டுவருவாய்?" என்று அன்பாகக் கேட்பார். மாப்பிள்ளையே வரதட்சணை கொடுத்துக் கல்யாணம் செய்கிற ஒரே மண்டபம் ஃபார்முலா 1.

2001 ஜூன் 14, சில்வர்ஸ்டோன். ஜாகுவார் அணியின் ஃபார்முலா 1 காரைச் சோதனை ஓட்டம் ஓட்டிய முதல் இந்தியர் ஆனார். காரில் ஏறிவிட்டார் என்று நாம் கைதட்டினோம். இறக்கிவிட்டார்கள். 2004 பந்தயங்களுக்கு மினார்டி அணி இருக்கையே தருகிறேன் என்றது. ஸ்பான்சர் பணம் சேரவில்லை, அதுவும் போயிற்று. மினார்டி என்பது எப்போதும் கடைசி வரிசையில் ஓடிய ஏழை அணி. ஏழை வீட்டு மாப்பிள்ளை ஆகவும் பணம் வேண்டியிருந்தது. ஒருவழியாக 2005இல் ஜோர்டன் அணி எடுத்துக்கொண்டது. மார்ச் மாதம் மெல்போர்னில் முதல் பந்தயம், பதினைந்தாவது இடம். ஃபார்முலா 1 பந்தயம் ஓட்டிய முதல் இந்தியர்.

அந்த வருஷம் ஜூன் 19 அமெரிக்காவில் இண்டியானாபொலிஸ். மிஷ்லின் டயர் அந்தத் தடத்தைத் தாங்காது என்று, அந்த டயர் போட்ட 14 கார்களும் ஒரு சுற்று வந்துவிட்டுக் கொட்டகைக்குத் திரும்பிப் போயின. மிச்சம் ஆறு கார். அதில் நம் ஆள் நான்காவது, ஐந்து புள்ளிகள். "ஆறு பேரில் நான்காவது ஒரு சாதனையா?" என்று இளக்காரமாகக் கேட்பவர்கள் உண்டு. ஐயா, போட்டியாளர்கள் வேட்புமனுவை வாபஸ் வாங்கியதால் ஜெயித்தவர்களை நாம் தலைவர் என்று ஏற்றுக்கொண்டதில்லையா? 14 பேர் பயந்து போன இடத்தில் நின்று ஓட்டியவருக்கு ஐந்து புள்ளி கொடுத்தால் என்ன குறைந்துவிடும்? தேதியை மறுபடி பாருங்கள். 1949இல் டன்னவேயின் கடத்தல் ஸ்பிரிங் பிடிபட்ட அதே ஜூன் 19. பந்தயத்தில் குட்டு உடைவதற்கென்றே அமெரிக்கர்கள் வைத்திருக்கும் நல்ல நாள்.

2009இல் இருபத்து நான்கு மணி நேரம் ஓடுகிற லெ மான்ஸ் பந்தயம், ஆடி கார், அருமையான வாய்ப்பு. பந்தயம் தொடங்குவதற்கு முன் பிட் சுவரிலிருந்து விழுந்து தோள்பட்டை பிசகிவிட்டது. மணிக்கு 300 கிலோமீட்டர் வேகத்தில் பத்திரமாக இருந்த மனிதரை, மணிக்கு பூஜ்யம் கிலோமீட்டர் வேகத்தில் நின்றிருந்த சுவர் கவிழ்த்தது.

அடுத்த வருஷம் பத்மஸ்ரீ. அதே 2010 மார்ச்சில் வர்ஜீனியாவின் மார்டின்ஸ்வில். நாஸ்கார் டிரக் தொடர். இந்தியாவில் பிறந்த ஒருவர் நாஸ்காரில் ஓட்டுவது அதுதான் முதல் தடவை. 33 வயது, இந்த விளையாட்டில் கைக்குழந்தை. டிரக் என்றதும் ஓசூர்–கிருஷ்ணகிரி சாலையில் சூளகிரிப் பக்கம் வலது லேனைப் பட்டா போட்டுக்கொண்டு ஊர்கிற பதினான்கு சக்கரத்தை நினைக்காதீர்கள். அது பிக்கப் வண்டி. தளியிலிருந்து ரோஜாப்பூ ஏற்றிப் போகிறதே, அந்த ஜாதி, ஆனால் பூ கிடையாது. அரை மைலுக்குக் கொஞ்சம் கூடுதலான முட்டை வடிவத் தடம். சுற்றிச் சுற்றி இடது பக்கமே திரும்ப வேண்டும். முதலாளித்துவ அமெரிக்காவில் முழுக்க முழுக்க இடதுசாரிகள் நடத்துகிற ஒரே நிகழ்ச்சி. முட்டுவது தப்பில்லை, முட்டாவிட்டால்தான் மரியாதைக் குறைவு என்று நினைப்பார்கள். சென்னை மாநகரப் பேருந்துக்குப் பக்கத்தில் ஓட்டிய எவனுக்கும் இந்தப் பாடம் புதிதல்ல. முதல் பந்தயத்தில் பதின்மூன்றாவது வந்தார்.

அந்த வருஷக் கடைசியில் டிரக் தொடரின் அதிக அபிமானம் பெற்ற ஓட்டுநர் யார் என்று ரசிகர்களிடம் வாக்கெடுப்பு. ஜெயித்தவர் நரேன் கார்த்திகேயன்! கரோலினாவிலும் ஜார்ஜியாவிலும் மூன்று தலைமுறையாக டிரக் ஓட்டுகிற குடும்பங்கள் வாயைப் பிளந்தன. ஓட்டுவதில் எங்களை ஜெயிக்கலாம், ஓட்டுப் போடுவதில் ஜெயிக்க முடியுமா? கள்ளச்சாராயத்தில் பிறந்த விளையாட்டில் வாக்கெடுப்பு வைத்தால் ஜனநாயகத்தில் அனுபவம் உள்ளவன்தான் வெல்வான்.

அதே 2010இல் சார்லட்டில் நாஸ்கார் புகழ் மண்டபம் திறந்தார்கள். முதல் வரிசையிலேயே ஜூனியர் ஜான்சனுக்கு இடம். மண்டபத்தில் வைக்கச் சாராயம் காய்ச்சும் அண்டா ஒன்றையும் அவரே அமைத்துக் கொடுத்தார். அமெரிக்கர்கள் தங்கள் விளையாட்டு எங்கிருந்து வந்தது என்று மறைப்பதில்லை, கண்ணாடிக்குப் பின்னால் வைத்து டிக்கெட் போட்டுக் காட்டுகிறார்கள்.

நம் கணக்கையும் மறைக்காமல் பார்ப்போம். நரேனுக்குத் திறமை இருந்தது. ஆனால் திறமை பதினைந்து வயதில் பிரான்சுக்கு டிக்கெட் எடுக்காது. ஏழு ராலி ஜெயித்த அப்பா, மாருதி எஞ்சினில் ரேஸ் கார் செய்த உறவுக்காரர், கோவையின் பட்டறைகள், பிறகு டாட்டா. இத்தனையும் சேர்ந்தும் மினார்டி நழுவியது. இத்தனையும் இல்லாத அஞ்செட்டிப் பையன் ஒருவன், தேன்கனிக்கோட்டை மலைப்பாதையில் பாட்டிக்கு மாத்திரை வாங்கிக்கொண்டு இருட்டுவதற்குள் திரும்பிவிடுகிறானே, அவனிடம் எவ்வளவு திறமை இருக்கிறது என்று அளந்து பார்க்க இன்றுவரை ஒருவரும் ஸ்டாப்வாட்ச் எடுத்துக்கொண்டு வரவில்லை.

வேடிக்கை என்னவென்றால், 1937இல் நம்மிடம் இல்லாத வண்டி இப்போது நம் வாசலிலேயே தயாராகிறது. ஓசூரில் டிவிஎஸ், அசோக் லேலண்ட், ஏத்தர். போச்சம்பள்ளிப் பக்கம் ஓலா. டிவிஎஸ் 1982இலிருந்து சொந்தமாகப் பந்தய அணியே வைத்திருக்கிறது. மாட்டுக்கு ஸ்பிரிங் மாற்ற வேண்டிய காலம் மலையேறிவிட்டது. ஆகவே ஓசூர், கிருஷ்ணகிரிக் கம்பெனி முதலாளிகளுக்கு ஒரு விண்ணப்பம்: ஆண்டுக்கு ஒருமுறை, வேலைக்கு ஆள் எடுக்க ஐடிஐ வாசலுக்குப் போகிற அதே வேனில், ஓட்டத் தெரிந்த பையன்களையும் பெண்களையும் ஏற்றி இருங்காட்டுக்கோட்டைக்கோ செட்டிபாளையத்துக்கோ கூட்டிப்போய் ஒருநாள் ஓட்டவிட்டு நேரம் குறித்துப் பாருங்கள். வேகமாக வந்த ஒருவருக்காவது அடுத்த வருஷக் கட்டணத்தைக் கட்டுங்கள். உங்கள் தீபாவளி விளம்பரச் செலவில் அது ஒரு மூலைக்கும் காணாது.

பெற்றோர்களே, உங்களுக்கும் ஒன்று. பையன் ரேஸ் ஓட்டப் போகிறேன் என்றால் அடிக்காதீர்கள். தடத்தில் ஹெல்மெட் உண்டு, ஆம்புலன்ஸ் உண்டு, எதிரே லாரி வராது. நெடுஞ்சாலையில் இந்த மூன்றும் தலைகீழ்.